பட்டுக்காரித் தவளை

இசக்கி அந்த வகைத் தவளைக்கெல்லாம் பட்டுக்காரி என்று பேர் வைத்திருந்தாள். முதுகு முழுக்கச் செங்கல் சிவப்பு, இரண்டு விலாவிலும் கறுப்பு. கரை வைத்த சேலைதான். மற்ற தவளைகள் மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கிடக்கும், ஆள் அரவம் கேட்டால் தொப்பென்று வாய்க்காலில் விழும். இவள் மட்டும் கிணற்றடிக் கல்லில் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி நடுவில் உட்கார்ந்திருப்பாள். கிட்டப் போனாலும் தாவ மாட்டாள். ஊர்ந்து நாலு விரல் தள்ளி உட்காருவாள், அவ்வளவுதான்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ராஜு குடும்பத்துக்கு மாந்தோப்பு இருந்தது. அதற்குக் காவல் பெத்தம்மாள். தோப்புக்குள்ளேயே வேலி போட்ட ஒரு குடிசை, ஒரு கிணறு, அய்யனார் கோயில் ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால். புருஷன் இலங்கையில் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், குளிர்காய்ச்சலில் அங்கேயே செத்து அங்கேயே மண்ணாகிப் போனான். மிச்சம் இருந்தது ஒரே மகள் இசக்கியம்மாள். கல்யாண வயது வந்துவிட்டது. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத பெண் எதைத்தான் பார்ப்பாள்? தவளையைப் பார்த்தாள்.

ஒரு நாள் கொக்கு ஒன்று பட்டுக்காரி ஒருத்தியைக் கொத்தித் தூக்கியது. தூக்கிய வேகத்தில் உதறியும் போட்டது. தலையைச் சிலுப்பிற்று, அலகை ஈரமண்ணில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தேய்த்தது, தண்ணீரை மொண்டு மொண்டு துப்பியது. தவளை பிழைக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தக் கொக்கு சிவப்பு முதுகைக் கண்டால் காலைத் தூக்கித் தள்ளி வைத்து நடந்தது. மண்தவளைகளை மட்டும் ஒன்று விடாமல் தின்றது.

"எம்மா, ஒருத்தி செத்தா. அவ செத்ததுல மத்தவளுக எல்லாம் பொழைச்சுக்கிட்டாளுக" என்றாள் இசக்கி.

"தவளைக்குத் துக்கம் விசாரிக்கா பாரு. சோளத்தைப் பொடை, ஏட்டி."

பெண் சொன்னது சரிதான். தோலில் விஷம் இருந்து என்ன புண்ணியம், கடிபட்ட பிறகுதானே கடித்தவனுக்குத் தெரியும்? தூரத்திலேயே தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிவப்பு. செத்தவள் அந்தக் கசப்பைக் கொக்கின் நாக்கில் வைத்துவிட்டுப் போனாள், இருப்பவர்கள் அதே நிறத்தைக் காட்டிப் பயமில்லாமல் நடமாடினார்கள்.

அந்த ஐப்பசியில்தான் பால்சாமி கங்காணி தோப்புக்கு வந்தான். கண்டிச்சீமைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். கறுப்புக் கோட்டு, கையில் குடை. முகமெல்லாம் சின்ன வயதில் பார்த்த அம்மையின் தழும்பு, மழைத்துளி விழுந்த மணல் மாதிரி. பெத்தம்மாளின் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான்.

"என்ன பெத்தம்மா, பிள்ளைக்குத் துணிமணி கட்டியாச்சா? அமாவாசை கழிஞ்சதும் ஆளுக பொறப்படுது."

"எம் மக வரமாட்டா. அவ அப்பன் போன சீர் போதும்."

"நீ வேண்டாம்னா ஆச்சா? பெரியப்பன் சரின்னுட்டான். அவன் குடும்பத்தோட வாரான். இவளும் அதுல ஒரு ஆளு."

"பெத்தவ நான் இருக்கேன்."

"பொம்பளை இருந்து என்ன?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவன் சிரிப்பில் நியாயம் இருந்தது, அந்தக் கால நியாயம். அப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பன் சொன்னால் சொன்னதுதான். அதை வெட்ட ஒரே ஒருத்தனால்தான் முடியும், தாய்மாமன். அவன் வந்து மருமகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் எந்தப் பங்காளியும் வாய் திறக்க முடியாது. பெத்தம்மாளின் தம்பி சங்கையா சுந்தரபாண்டியத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பருத்தி வண்டி அடிக்கும் பிச்சை முகம்மதுவிடம், ஊர் வாய்க்குப் பயந்து கங்காணி பேச்சை எடுக்காமல், அவள் சேதி சொல்லி அனுப்பினாள்.

"ராவுத்தரண்ணே, அமாவாசைக்கு முன்ன வரச்சொல்லுங்க. பிந்துனா பிள்ளை இல்லைன்னு சொல்லுங்க."

"சொல்லுதேன் தாயி. ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்கு அந்த ஊர் ஆளுக வருவாக. கையோட சொல்லிவிடுதேன்."

சேதி போயிற்று, தம்பி வரவில்லை. கங்காணியின் ஆள் ஒருத்தன் மட்டும் வேலியோரம் வருவதும் போவதுமாக இருந்தான். தண்ணீர் கேட்டான். நெருப்புக் கேட்டான். இசக்கி குளிக்கப் போகும் நேரம் எது என்று நோட்டம் பார்த்தான். பெத்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே கல்லின் மேல் பட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். வாய்க்காலைத் தாண்டி வந்த கொக்கு அவளைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

பெத்தம்மாள் எழுந்து போய் வேப்பங்குழை ஒடித்து வந்தாள்.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். வெளியாள் படி ஏற மாட்டான். பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டான். மோரோ இளநீரோ வேலிக்கு வெளியே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவான், போகும்போது 'போயிட்டு வாரேன்' என்றுகூடச் சொல்ல மாட்டான். போன பங்குனியில்தான் ராஜபாளையத்துத் தெருக்களில் அம்மை போட்டு எடுத்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு குறைவு. அந்தப் பச்சை இலை சொல்லுகிற பாடத்தை ஊரே தன் பிள்ளைகளைக் கொடுத்துப் படித்திருந்தது.

"ஆத்தா, பொய்க்குக் கட்டுதேன். வேற வழி தெரியலை. பொறுத்துக்கோ தாயே" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, வாசல் நிறைய வேப்பிலை கட்டினாள். உள்ளே இசக்கியை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி மஞ்சள் பூசினாள்.

"யாரு வந்தாலும் வாயைத் தொறக்காத. காலடிச் சத்தம் கேட்டா மூச்சுக்கூட விடப்படாது. மாமன் வந்தா நான் சொல்லுதேன்."

சாயங்காலம் கங்காணியின் ஆள் வந்தான். வேலியருகே வந்தவன் வாசலைப் பார்த்தான். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டான். தோப்புக்கார வீட்டம்மா வரப்பில் நின்றே "அம்மவாரா?" என்று தெலுங்கில் ஆத்தாளைக் கேட்டுவிட்டுத் தூரத்தில் மோர்ப்பானையை வைத்துப் போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பெத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எம்மா, நம்மகிட்ட விஷமே இல்லையே. நெறத்தை மட்டும் உடுத்தியிருக்கோம்" என்றாள் இசக்கி.

"கடிச்சுப் பார்த்தாத்தானே தெரியும்? எவன் வந்து கடிப்பான்?"

மறுநாள் தட்டி இடுக்கு வழியாக வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு கிடந்த பெண் மெதுவாகக் கூப்பிட்டாள். "எம்மா, இங்க வந்து பாரேன். தண்ணிப்பாம்பு ஒண்ணு பட்டுக்காரியை முழுங்கிட்டுச் சும்மா போகுது. அதுக்கு ஒண்ணுமே செய்யலையே."

"அது எந்தப் பிறவியோ. நீ படு."

அவளுக்கு இலைக் கவலை. காய்ந்த வேப்பிலை தொங்கினால் ஆத்தா இறங்கிப் போய்விட்டாள் என்று ஊர் நினைக்கும். பச்சையாகவே இருக்க வேண்டும். பக்கத்து மரம் மொட்டையாகிவிட்டதால் குழை ஒடிக்க ஆற்றுப்பக்கம் போனாள். போனவள் திரும்பி வரும்போது வேலியோரம் ஒரு பொதி இருந்தது. இளநீர்க் குலை, மஞ்சள், வெள்ளரிப் பிஞ்சு. அதற்கடியில் ஒரு புதுச் சேலை, சிவப்பு உடம்பு, கறுப்புக் கரை. தாய்மாமன் மருமகளுக்கு எடுக்கிற சேலை.

பெத்தம்மாள் உள்ளே ஓடினாள். "ஏட்டி, யாரு வந்தா?"

"காலடிச் சத்தம் கேட்டுச்சும்மா. வேலிகிட்ட வெகுநேரம் நின்னுச்சு. யாரோ மூக்கைச் சிந்துற மாதிரி இருந்துச்சு. கங்காணி ஆளோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு கெட்டது. அம்மா சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டது, அதுதான் அது செய்த குற்றம். மாமனும் ஒரு குரல் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ஆத்தா இருக்கிற வீட்டில் யார் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

பெத்தம்மாள் பாதைக்கு ஓடினாள். ஆடு மேய்க்கிறவன், "அவிய உச்சிப்பொழுதுக்கே போயிட்டாக. அழுதுக்கிட்டே போனாக" என்றான். பொழுது சாய்ந்துவிட்டது, அமாவாசையும் கழிந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம் என்றால் அம்மை போட்ட பெண்ணைப் பாதையில் ஏற்ற ஊர் விடுமா? கல்லால் அடித்தே திருப்பிவிடுவார்கள். இல்லை, பொய் என்று அவிழ்த்துப் போட்டால் கங்காணிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. கட்டின வேப்பிலை அவளையே வேலிக்குள் கட்டிப்போட்டுவிட்டது.

கோழி கூப்பிட எழுந்தாள். "நான் போயி மாமனைக் கூட்டிட்டு வாரேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவோம். வேப்பிலை இருக்கு, ஒரு பய கிட்ட வரமாட்டான்."

"சேலையை உடுத்திப் பார்க்கட்டாம்மா?"

"உடுத்திக்கோ. மாமன் பார்த்தா குளுந்து போவான்."

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. சுந்தரபாண்டியத்துக்கு இன்னும் பாதி வழி இருந்தது. பெரிய மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது, பொய் சொன்ன பாவத்துக்கு ஒரு கும்பிடு போட்டுப் போவோம் என்று நுழைந்தாள். பிராகாரத்தில் ஈர வேட்டியோடு ஒருத்தன் உருண்டுகொண்டிருந்தான். மண்ணும் தண்ணீரும் அப்பிக்கொண்டு முகம் தெரியவில்லை. அவன் கை மூடியிருந்த விதத்தை வைத்துத்தான் தம்பி என்று கண்டுகொண்டாள். சின்ன வயதிலிருந்து கட்டைவிரலை உள்ளே வைத்துத்தான் கையை மூடுவான்.

சங்கையா அக்காவைப் பார்த்தான். பார்த்ததும் அலறினான். "அக்கா! பிள்ளை போயிருச்சா?"

"இல்லடா. பிள்ளைக்கு ஒண்ணுமில்லடா. அம்மையே இல்லடா. கங்காணிக்குப் பயந்து நான்தான் பொய்க்குக் கட்டினேன்."

அவன் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை அம்மைக்குக் கொடுத்தவன். மூன்றாவது பிறந்து இப்போதுதான் தீட்டுக் கழிந்திருந்தது. அதனால்தான் சேதி கிடைத்தும் நாள் பிந்தியது.

"வாசல் வரைக்கும் வந்தேன்க்கா. வேப்பிலையைக் கண்டதும் கால் எடுத்து வைக்க முடியலை. வீட்டுல பச்சைப்பிள்ளை கெடக்குன்னு நின்னுட்டேன். மருமகளைக்கூடப் பார்க்காத பாவின்னு நேத்துலருந்து இங்கனயே கெடந்து உருளுதேன்." கையை விரித்துக் காட்டினான். வெள்ளியில் செய்த கண்மலர், ஒரு ஜோடி. "பிள்ளை கண்ணுக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னு வாங்கினேன். நல்லா இருக்காளாக்கா? நெசமாவா?"

"நல்லா இருக்கா. நீ எடுத்த சேலையை உடுத்திக்கிட்டு இருக்கா."

சங்கையா அழுதுகொண்டே சிரித்தான். கண்மலரை மருமகளைக் கூட்டிவந்து அவள் கையாலேயே செலுத்துவது என்று மடியில் முடிந்துகொண்டான். அக்காளும் தம்பியும் ராஜபாளையம் பாதையில் வெயில் தெரியாமல் நடந்தார்கள். தாய்மாமன் வந்தாயிற்று, இனி எவன் கேட்பான் என்று பெத்தம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாதி வழியில் எதிரே பிச்சை முகம்மதுவின் வண்டி வந்தது. அவளைக் கண்டதும் மாட்டை நிறுத்தி இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"தாயி, ஆண்டவன் காப்பாத்திட்டான். பிள்ளை எந்திரிச்சு நடந்துட்டாளே!"

பெத்தம்மாளுக்கு விளங்கவில்லை. "யாரு அண்ணே?"

"ஒம் மகதான். காலையில ராஜபாளையத்துல பார்த்தேன். சிவப்புச் சேலை உடுத்தி, ரெண்டு கையிலயும் வேப்பிலை. பால்சாமி கங்காணி முன்னால குடையை ஆட்டி, 'ஆத்தா வாரா, ஒதுங்கு ஒதுங்கு'ன்னு சொல்லிட்டே வாரான். பின்னால நாலு பேரு. சந்தைச் சனம் அம்புட்டும் ரெண்டு பக்கமும் விலகி வழி விட்டுச்சு. நானும் மாட்டை ஓரங்கட்டினேன். அவனுக்கு என்ன, அம்மை ஒருக்கா பார்த்தவனுக்கு மறுபடி வராதுல்ல? யாரும் கிட்டப் போகாத பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறானே, நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

பெத்தம்மாள் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சங்கையாதான் கேட்டான். "பிள்ளை ஏதும் சொல்லுச்சா?"

"கத்துச்சு. என்னைப் பார்த்து 'மாமா, ராவுத்தர் மாமா'ன்னு..." பிச்சை முகம்மதுவின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆத்தா ஏறின பிள்ளை, சாமி வந்து கத்துதுன்னு நெனச்சேன் தாயி. எல்லாரும் அப்படித்தான் நெனச்சாக. கும்பிட்டாக."

குடிசைக்குள் என்ன நடந்தது என்று பார்த்தவர் இல்லை. யூகிக்க என்ன இருக்கிறது? வேப்பிலை கண்டு ஓடிவந்த ஆளைக் கங்காணி திட்டியிருப்பான். தானே வந்து, ஊரே அஞ்சுகிற இலையைக் குடையால் விலக்கி உள்ளே போயிருப்பான். மஞ்சளுக்கடியில் ஒரு அம்மை முத்துக்கூட இல்லாத முகத்தைப் பார்த்திருப்பான். அம்மைத் தழும்பைத் தினம் அவன் முகத்தில் பார்த்தும் பெத்தம்மாளுக்கு அது தோன்றவில்லை. ஊரெல்லாம் ஒதுங்கும் நிறத்துக்கு ஒதுங்காத வாய் ஒன்று உண்டு என்று மகள் தட்டி இடுக்கில் கண்டு சொன்னாள். கேட்க ஆள் இல்லை. வேப்பிலை விரட்டியது யாரை? தம்பியை, தோப்புக்காரியை, ராவுத்தரை. கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய அத்தனை பேரையும்.

பிச்சை முகம்மது பருத்தியைப் பாதையோரம் தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பினார். மாடு நுரை தள்ள ஓட்டினார். ராஜபாளையத்தில் ஆட்கள் இல்லை. சாத்தூர் ரயிலடிக்குப் போனார்கள். தூத்துக்குடி வண்டி போய்விட்டிருந்தது. அங்கிருந்து கப்பல். அதற்கப்புறம் கடல்தான்.

ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். ஆத்தா பேரில் பொய் சொன்னாள், ஆத்தா பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்று. ஆத்தாளுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள், கங்காணிக்குக் கூலியாள் பிடித்துக் கொடுப்பாள்! அந்தக் காலை நேரத்தில் ஒரே ஒருத்தன் ஒரே ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் போதும். அதை யாரும் பேசவில்லை.

அக்காளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போகச் சங்கையா பிறகொரு நாள் தோப்புக்கு வந்தான். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. வாசலில் வேப்பிலை காய்ந்து சருகாகத் தொங்கியது. குடிசையில் ஆள் இல்லை. கிணற்றடியில் பெத்தம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏதோ பாத்திரம் தேய்க்கிற மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாம்பலும் தேங்காய் நாரும். கிட்டப் போய்ப் பார்த்தான். உள்ளங்கையில் ஒரு பட்டுக்காரித் தவளை.

"போகமாட்டேங்குதுடா இந்தச் சிவப்பு" என்றாள். "கழுவிக்கோ ஏட்டி, கழுவிட்டு வெளிய வா. மாமன் வந்து நிக்கான் பாரு. பயந்துக்கிட்டு நிக்கான்."

தவளையை மெதுவாக வாங்கிக் கல்லின் மேல் விட்டான். அது தாவவில்லை. அவள் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள், கண் எரிந்தது, மறுபடியும் துடைத்தாள். சங்கையா மடியைத் தடவினான். கண்மலர் இன்னும் முடிச்சில்தான் இருந்தது. அதை எந்தக் கோயிலில் யார் கையால் செலுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வாக்கா, போவோம்" என்று அவள் கையைப் பிடித்தான்.

"நீ உள்ள வந்து ஒரு வாட்டி அவ பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றாள். "பொறவு போவோம்."

சங்கையா அன்று மிதிக்காத அந்த வாசலில் கால் வைத்து, சருகை விலக்கி, "இசக்கி" என்று கூப்பிட்டான்.